எதிர்க்காற்றில் ஒரு பகல்
(வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காற்றைப் பற்றியே இருந்தன. மலை ஏற்றம், பழுது பார்ப்பது பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். இன்று திறந்த சமவெளியும் காற்றும் மட்டும்.

கேள்வி: அம்மா, மூன்று வார சைக்கிள் பயணம் முடித்துத் திரும்பியிருக்கிறேன். தினமும் 90 கிலோமீட்டர் சிரமமில்லாமல் போய்க்கொண்டிருந்தேன். சமவெளிக்குள் வந்த இரண்டாம் நாள் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மிதித்தும் 48 கிலோமீட்டர்தான். ஒரு மேடுகூட இல்லாத சாலை. மாலையில் சாலையோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நெடும்பயணத்துக்கு என் உடம்பு ஏற்றதில்லையோ? (கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அன்று நீங்கள் 90 கிலோமீட்டருக்கான உழைப்பை முழுதாகக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் பாதியைக் காற்று வாங்கிக்கொண்டது.

கணக்கைப் பார்த்தால் மனம் ஆறும். சமதரையில் சைக்கிள் ஓட்டுபவருடைய உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழித்துப் போவதற்கே செலவாகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதாவது உங்கள் முகத்தில் படும் காற்றின் வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். காற்றே இல்லாத நாளில் நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் முகத்தில் படுவது 20. எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அது 40. அப்போதும் அதே 20-ஐ விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் காற்றுக்கு மட்டும் நான்கு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். கால் அதைக் கொடுக்காது. நான்கு பைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒரு பயணிக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: உழைப்பை மாற்றாமல் மிதித்தால் வேகம் 20-லிருந்து ஏறக்குறைய 11-க்கு இறங்குகிறது. உங்கள் 90-ம் 48-ம் அதே விகிதத்தில்தான் இருக்கின்றன.

மேடு என்றால் அதற்கு ஓர் உச்சி உண்டு. மறுபக்கம் இறக்கமும் உண்டு. காற்று ஏற்றிவிடும் மேட்டுக்கு உச்சியே கிடையாது. சமவெளியில் காற்று ஒருவரை உடைப்பது இதனால்தான். கண்ணுக்கு எதிரே தட்டையான சாலை. மலையில் இருக்க வேண்டிய கியர். தவறு நம்முடையதுதான் என்று மனம் சொல்லத் தொடங்கிவிடும்.

எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. முந்தின நாள் மழையில் நனைந்த கூடாரத்தைக் காயவைத்துவிட்டுப் புறப்படலாம் என்று காலை ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தேன். அந்த நாளின் பெரிய பிழை அதுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பத்து மணிக்குப் புல் சாயத் தொடங்கியது. பதினொரு மணிக்குள் சாலையின் இருபுறமும் புல் முழுக்கப் படுத்து, இலையின் வெளிறிய அடிப்புறம் மட்டும் அலையலையாகத் தெரிந்தது. தொப்பியின் வார் தாடையில் இடைவிடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்கப் புட்டியை உயர்த்தினால், வாய்க்கு வரவேண்டிய தண்ணீர் காதோரம் பறந்தது. தொடுவானத்தில் கால்கள் மேல் நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதை முதலில் பார்த்தபோது மணி பதினொன்றே கால். அதன் நிழலில் சைக்கிளைக் கிடத்தியபோது இரண்டரை. இடைப்பட்ட மூன்றே கால் மணி நேரத்தில் அது ஒரு விரற்கடைகூட வளரவில்லை என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

அந்தத் தொட்டியின் அடியில் நான் செய்த ஒரு காரியத்தை இன்றுவரை செய்துவருகிறேன். வேகம் காட்டும் கருவியின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டி மறைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கிலோமீட்டரை எண்ணவில்லை; நேரத்தை எண்ணினேன். இருபத்தைந்து நிமிடம் மிதி, ஐந்து நிமிடம் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார். காற்று இல்லாத நாளில் எந்த மூச்சில் மிதிப்பேனோ அதே மூச்சு, அதே கால் சுழற்சி. கியர் எவ்வளவு தாழ்ந்தாலும் சரி, முழங்காலை நெருக்கக் கூடாது. மாலைவரை இப்படியே ஓட்டினேன். வழக்கமான தூரத்தில் பாதியைச் சற்றுத் தாண்டியிருந்தேன். ஆனால் மறுநாள் காலை எழுந்தபோது கால்கள் கால்களாகவே இருந்தன. நீங்கள் அழுத நாளில் எப்படி மிதித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பழைய வேகத்தைப் பிடிக்க முட்டிமோதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி, ஒன்பதரை மணிப் பிழை. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தேங்கி நிற்கும். மேலே வேகமாக ஓடும் காற்று அந்தப் படலத்தின் மீது வழுக்கிப் போய்விடும். வெயில் ஏறித் தரை சுட்டதும் கீழ்க்காற்று மேலே கிளம்புகிறது. மேல்காற்றின் வேகம் கீழே இறங்கிக் கலக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் பெரும்பாலும் விடியலில் காற்று அடங்கியும் பிற்பகலில் உச்சத்திலும் இருப்பதன் காரணம் இதுதான். ஆகவே சமவெளியில் முதல் வெளிச்சத்தில் சைக்கிள் மேல் இருங்கள். பத்து மணிக்குள் அன்றைய தூரத்தில் பாதி முடிந்திருக்க வேண்டும். கூடாரம் ஈரமாகவே மடிக்கப்படட்டும். மதியம் அதே காற்று பத்து நிமிடத்தில் உலர்த்திக் கொடுத்துவிடும்.

கேள்வி: போகும்போது எதிர்க்காற்று இருந்தால் திரும்பும்போது பின்காற்று கிடைக்கும், மொத்தத்தில் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: சரியாகாது. மேலே சொன்ன அதே பயணி, அதே 20 கிலோமீட்டர் காற்று. 40 கிலோமீட்டர் போய் 40 திரும்புகிறார். காற்றில்லாத நாளில் நான்கு மணி நேரம். காற்று நாளில் போக 11 கிலோமீட்டர் வேகம், வர ஏறக்குறைய 32. கூட்டினால் ஐந்து மணி நேரத்தை நெருங்குகிறது. துன்பத்தில் நீண்ட நேரமும் சுகத்தில் சிறிது நேரமும் கழிக்கிறோம். சராசரி அதனால்தான் நம் பக்கம் வருவதில்லை.

சரியாக 90 பாகையில் வரும் பக்கக்காற்றும் இழப்புத்தான். நாம் முன்னால் போவதால் பக்கக்காற்று நமக்கு முன்சாய்வாகவே வந்து படுகிறது. என் கணக்கில் 20 என்பது 18-க்கும் கீழே போனது. திசைகாட்டியில் ‘பக்கத்திலிருந்து’ என்று இருக்கும் காற்றை உடம்பு ‘எதிரிலிருந்து’ என்று உணர்வது பிரமை இல்லை.

கேள்வி: அடுத்த ஆண்டு ஒரு பெரிய சமவெளியைக் குறுக்கே கடக்க ஆசை. எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது? மேற்கிலிருந்து கிழக்கே போனால் பின்காற்று கிடைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே? (வங்கி ஊழியர்)

பதில்: எல்லோரும் சொல்வதை அப்படியே நம்பி ஒரு மாதப் பயணத்தை வகுக்காதீர்கள். நடு அட்சரேகைகளில் மேற்குக் காற்று ஓங்கியது என்பது உண்மை. ஆனால் அது மேல்வானத்தில் தெளிவாகத் தெரியும் அளவுக்குத் தரையில் தெரிவதில்லை. அமெரிக்காவின் பெருஞ்சமவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் அந்நாட்டின் இருநூறாம் ஆண்டையொட்டி உருவான, கடற்கரையிலிருந்து கடற்கரைக்குப் போகும் சைக்கிள் வழி கான்சாஸ் மாநிலத்தின் ஊடே செல்கிறது. கோடையில் அங்கே தரையில் வீசுவது பெரும்பாலும் தெற்கத்திக் காற்று. அந்த மாநிலப் பெயருக்கு மூலமான பழங்குடிப் பெயரைத் ‘தென்காற்றின் மக்கள்’ என்று பொருள் சொல்வதுண்டு. எந்தப் பக்கமிருந்து கடந்தாலும் அங்கே கோடையில் காற்று பெரும்பாலும் விலாவில்தான் விழும்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் படகோனியாவில் நிலைமை வேறு. அங்கே மேற்குக் காற்றுக்குத் தடையாக அந்த அட்சரேகைகளில் நிலமே அதிகம் இல்லை. கோடையில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இன்னும் பலமாக வீசும். வடக்கு–தெற்காகப் போகிறவர்கள் நாள் முழுக்க ஒரு தோளால் காற்றைத் தாங்கிக்கொண்டு போகிறார்கள். சாலை மேற்கே திரும்பும் இடத்தில் மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது.

ஆகவே நீங்கள் போகப்போகும் மாதத்துக்கு, அந்த வட்டாரத்து வானிலை நிலையத்தின் காற்று வரைபடத்தைப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணியின் காற்றை முக்கியமாகப் பாருங்கள். ஒரு சிறு எச்சரிக்கை: ‘மேற்குக் காற்று’ என்றால் மேற்கிலிருந்து வருவது. நம் மொழியில் வாடை, தென்றல், கொண்டல், கோடை என்ற நான்கு பெயர்களும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு ஆகிய பிறந்த திசையை வைத்தே அமைந்தவை; வானிலை அறிவிப்பும் அப்படித்தான் சொல்கிறது. வரைபடத்து அம்புக்குறியைத் தலைகீழாகப் படித்துவிட்டு இரண்டு நாள் எதிர்க்காற்றில் அல்லாடியவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, அறிவிப்பில் வரும் வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. திறந்த புல்வெளியில் உங்கள் தலை உயரத்தில் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். இடுப்பை மடித்துத் தாழ்ந்து உட்கார்ந்தால் பலன் இரண்டு வகையில்: காற்றில் படும் உடம்பும் குறையும், படும் காற்றும் குறையும்.

1884-இல் தாமஸ் ஸ்டீவன்ஸ் உயரச் சக்கர சைக்கிளில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏப்ரலில் கிளம்பி ஆகஸ்டில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். அமெரிக்காவை முதன்முதலில் சைக்கிளில் கடந்தவர் அவர்தான். ஆள் உட்காருவது பெரிய சக்கரத்தின் உச்சியில்; குனிய வழியே இல்லாத வண்டி. அந்த உயரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து சமவெளிக் காற்றை வாங்கியதை நினைத்தால், இன்றைய தாழ்ந்த ஹேண்டில்பாரை நான் இரு கையாலும் நன்றியோடு பிடித்துக்கொள்கிறேன்.

கேள்வி: எதிர்க்காற்றை எப்படியோ தாங்கிவிடுகிறேன். பக்கக்காற்றில் லாரி கடக்கும்போது உயிர் போய் உயிர் வருகிறது. பயணத்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். (பள்ளி ஆசிரியை)

பதில்: இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், சகோதரி. எதிர்க்காற்று களைப்பைத்தான் கொடுக்கும். பக்கக்காற்று ஆளையே தள்ளிவிடும். உங்கள் பயம் நியாயமானது.

நடப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். போக்குவரத்து ஓடும் பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்துதான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். லாரி உங்களை ஒட்டி வந்ததும் காற்று சட்டென்று மறைந்துவிடும். சாய்ந்திருந்த உடம்பு லாரி பக்கமே விழப் பார்க்கும். லாரி தாண்டியதும் மறைந்த காற்று மொத்தமாகத் திரும்பி வந்து உங்களைச் சாலையை விட்டு வெளியே தள்ளும். ஒரே நொடியில் இரண்டு எதிரெதிர்த் தள்ளல். இது தெரியாதவர் முதல் தள்ளலுக்குப் பதறி ஹேண்டில்பாரைத் திருப்பிவிடுவார். அது இரண்டாம் தள்ளலோடு சேர்ந்துகொள்ளும்.

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்கையை மடித்துத் தளர்வாக வைத்தால் காற்று உங்கள் மேலுடம்பை அசைக்கும், சக்கரத்தைத் திருப்பாது. உடம்பைத் தாழ்த்துங்கள். ஒரு முழங்காலைச் சட்டத்தின் மேல் குழாயோடு ஒட்டி வையுங்கள். ஆட்டம் குறைவதை உடனே உணர்வீர்கள். சாலையின் விளிம்புக் கோட்டிலேயே ஓட்டுவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். தள்ளப்பட்டால் போவதற்கு அங்கே இடமே இல்லை. முக்கால் மீட்டராவது உள்ளே தள்ளி ஓட்டுங்கள். பின்னால் வருபவரும் அப்போதுதான் உங்களைக் கடப்பதற்குத் திட்டமிடுவார்.

பைகளைப் பாருங்கள். முன்சக்கரத்தின் இருபுறமும் பெரிய பைகள் தொங்கினால் காற்று அவற்றைப் பிடித்து நேராகத் திசையையே திருப்பும். எடையைக் கீழே இறக்கி, பெரிய பைகளைப் பின்னால் வையுங்கள். மேலே கட்டிய உருளையில் தொங்கும் வார், காற்றில் படபடக்கும் மழைச்சட்டை எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டுங்கள்.

பின்பார்வைக் கண்ணாடி கட்டாயம். எதிர்க்காற்றிலும் பக்கக்காற்றிலும் காதுக்குள் ஓயாத இரைச்சல். பின்னால் வரும் லாரி அருகில் வரும்வரை கேட்காது. கண்ணாடியில் பெரிய வண்டியைக் கண்டு, சாலையும் குறுகலாக இருந்தால், நிறுத்தி ஒரு காலை ஊன்றிவிடுங்கள். முப்பது வருடமாக ஓட்டும் நான் இன்றும் நிறுத்துகிறேன். காற்று சாலையோரத்திலிருந்து போக்குவரத்துப் பக்கமாகத் தள்ளும் நாளில் எனக்கு இன்னும் கடுமையான விதி: இரண்டாவது முறை தள்ளப்பட்டால் இறங்கிவிடுவேன். மீதித் தூரத்தைத் தள்ளிக்கொண்டு நடப்பேன், அல்லது காற்று அடங்கும்வரை உட்கார்ந்திருப்பேன். பயணத்தை விட வேண்டாம். அந்தப் பிற்பகலை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து போகிறோம். அவர் முன்னால், நான் பின்னால் ஒட்டிப் போனால் எனக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் அரை மணியில் இடைவெளி விழுந்துவிடுகிறது. நான் கத்துவது அவருக்குக் கேட்பதில்லை. பிறகு சண்டை.

பதில்: சண்டைக்குக் காற்றே காரணம், அம்மா. எதிர்க்காற்றில் முன்னால் இருப்பவர் பேசுவதைக் காற்று பின்னால் இருப்பவரிடம் கொண்டுவந்து சேர்க்கும். பின்னால் இருப்பவர் குரலையோ திருப்பி அவர் முகத்திலேயே எறிந்துவிடும். உங்கள் கணவர் வேண்டுமென்று கேட்காமல் இருக்கவில்லை. ஆகவே பேசுவதும் பார்ப்பதும் முன்னால் இருப்பவர் பொறுப்பு. அவர் கண்ணாடியில் நூறு மிதிக்கு ஒரு முறை உங்களைப் பார்க்கட்டும். வேகத்தை நிர்ணயிப்பது முன்னால் போகிறவர் அல்ல, பின்னால் வருகிறவர் என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாற்றலாம். இருவர் பலமும் ஒன்றாக இல்லாவிட்டால் பலமுள்ளவர் இருபது நிமிடம், மற்றவர் ஐந்து நிமிடம் முன்னால் இருப்பது நியாயமே. சுமையேற்றிய சைக்கிளில் சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு மீட்டராவது விடுங்கள். பந்தய வீரர்கள் போல ஒட்ட வேண்டாம்.

காற்று சாய்வாக வந்தால் நேர் பின்னால் இருப்பது பயன்படாது. காற்று இடமிருந்து வந்தால் நீங்கள் சற்று வலமாகத் தள்ளி, அவர் பின்சக்கரத்துக்கு மூலைவாட்டில் இருக்க வேண்டும். ஆனால் இதற்குச் சாலையின் அகலம் வேண்டும். வண்டிகள் ஓடும் சாலையில் இதைச் செய்யவே கூடாது.

கேள்வி: எதிர்க்காற்றை விரும்பித் தேடிப் போகிறவர்கள் உலகில் யாராவது உண்டா?

பதில்: உண்டு. நெதர்லாந்தில் 2013 முதல் எதிர்க்காற்று சைக்கிள் போட்டி என்றே ஒன்று நடக்கிறது. ஓஸ்டர்ஸ்கெல்டே கடல் தடுப்பின் மேல் 8.5 கிலோமீட்டர், எல்லோருக்கும் கியர் இல்லாத ஒரே மாதிரியான சைக்கிள். புயற்காற்று வரும் என்று வானிலை அறிவிப்பு உறுதியான பிறகே நாள் குறிப்பார்கள்.

கேள்வி: காற்று எவ்வளவு பலமானால் ஓட்டுவதை நிறுத்த வேண்டும்? கையில் அளவுகருவி இல்லை.

பதில்: பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் கடலுக்காக வகுத்த காற்று அளவுகோல் பின்னாளில் தரைக்கும் அடையாளங்களோடு பழக்கத்துக்கு வந்தது. ஐந்தாம் எண்ணில் (மணிக்கு 29–38 கி.மீ.) சிறு மரங்கள் ஆடும். ஆறில் (39–49) பெரிய கிளைகள் அசையும், கம்பிகள் ஊளையிடும். ஏழில் (50–61) முழு மரமே ஆடும், எதிர்த்து நடப்பது சிரமம். சமவெளியில் மரம் இல்லையே என்பீர்கள். கம்பி இருக்கும். சாலையோரக் கம்பி பாடத் தொடங்கினால் நான் அடுத்த ஒதுங்கிடத்தைத் தேட ஆரம்பிப்பேன். நின்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டிருக்கவே பலம் தேவைப்பட்டால் அன்றைய ஓட்டம் முடிந்தது.

இந்த எண்களைவிட முக்கியமான ஓர் அடையாளம் உண்டு. வெக்கையான பிற்பகலில், தூரத்தில் கருமேகம் நிற்க, வீசிக்கொண்டிருந்த காற்று திடீரென நின்றுபோய், பிறகு வேறு திசையிலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தால், அது இடிமழையிலிருந்து சரிந்து வரும் காற்று. சில நிமிடங்களில் பலமடங்காகும். பின்னாலேயே மின்னல் வரும். திறந்த வெளியில் மிக உயரமான பொருள் நீங்கள்தான். ஒரு கிலோமீட்டர் கூடக் கிடைக்குமா என்று பார்க்காமல், கட்டடத்துக்கோ நிற்கும் வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். புழுதிச் சுவர் எழுந்து வருவதைக் கண்டால் சாலையை விட்டு நன்றாக விலகி, விளக்கை அணைத்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடித் தாழ்ந்து கிடங்கள். விளக்கை எரியவிட்டால் பின்னால் வரும் ஓட்டுநர் அதைச் சாலை என்று நினைத்து உங்களை நோக்கியே வருவார்.

கேள்வி: காற்று நாளில் தாகமே எடுப்பதில்லை. தண்ணீர் குறைவாகக் கொண்டுபோகலாமா?

பதில்: கூடவே கூடாது. வியர்வை சுரந்த கணமே காற்று உலர்த்திவிடுவதால் வியர்ப்பதே தெரிவதில்லை. சட்டையில் வெள்ளை உப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக ஐந்து மணி நேரத்தில் முடியும் தூரம் இன்று ஒன்பது மணி நேரம் ஆகும். அடுத்த தண்ணீர் இருக்கும் இடமும் அந்த அளவுக்கு விலகிப் போய்விடுகிறது. நேரக் கணக்கில் எடுத்துச் செல்லுங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும், உதட்டுக்கும் காதுமடலுக்கும் களிம்பும் வேண்டும்.

கேள்வி: தனியாகக் கூடாரம் போடும்போது காற்று துணியைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. வழி என்ன?

பதில்: முதலில் சைக்கிளைத் தரையில் படுக்க வையுங்கள், காற்றில் ஸ்டாண்டு நிற்காது. கூடாரத்தைப் பையிலிருந்து முழுவதும் உருவாமல், காற்று வரும் பக்கத்து மூலையை மட்டும் வெளியே எடுத்து முளை அடியுங்கள். முளையின் தலை காற்றை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். பிறகு மீதியை உருவினால் காற்றே அதைத் தரையோடு விரித்துக் கொடுக்கும். பிடித்திழுக்க அது துணையாகிவிடுகிறது. எதிர்ப்பக்க மூலைகளை நிதானமாக அடிக்கலாம். குறுகலான பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும், வாசல் எதிர்ப்பக்கம். கனமான பைகளை உள்ளே காற்றுப் பக்கத்து மூலைகளில் வைத்த பிறகே கம்பிகளை நிமிர்த்துங்கள்.

காலையில் மடிக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் அடித்த அந்தக் காற்றுப் பக்கத்து முளையை, துணி முழுவதும் பைக்குள் போன பிறகே பிடுங்குங்கள்.